நடந்து வந்தான் என்று எழுதியிருந்தது

மும்பைக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் எல்லோரும் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கடலைப் பார்க்கவில்லை. அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் போனது என் மகளை ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வைப்பதற்கு.

மகள் பவித்ரா அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைத் துறையில் மேற்படிப்புப் படிக்கிறாள். கடைசி வருடம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நான் திருச்சியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். அவள் போனை எடுக்கும் விதத்திலேயே அன்றைக்கு வார்டில் யாராவது இறந்தார்களா என்று கண்டுபிடித்துவிடுவேன். அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

நடந்தது இதுதான். ஒரு மதியம் இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவன் நெஞ்சு வலி என்று கேஷுவல்டிக்கு வந்திருக்கிறான். வருகிறவர்கள் கையில் அங்கே ஒரு கலர்ப் பட்டை கட்டுகிறார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும், மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை என்றால் உட்கார்ந்திருக்கலாம். அவன் யார் துணையும் இல்லாமல் நடந்து வந்தான். சின்ன வயசு வேறு. பவி பச்சைப் பட்டை கட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். மாரடைப்பு. வந்ததும் எடுத்திருக்க வேண்டிய ஈ.சி.ஜி. அவன் விழுந்த பிறகுதான் எடுக்கப்பட்டது. காப்பாற்ற முடியவில்லை.

இன்னொருத்தியாக இருந்தால் அழுதுவிட்டு அடுத்த டியூட்டிக்குப் போயிருப்பாள். பவி அதைக் கட்டுரையாக எழுதினாள். 'நடந்து வந்தார் என்பதால் பச்சை கொடுத்தோம், அது எங்கள் தவறு, நெஞ்சு வலி என்று யார் சொன்னாலும் வயதையும் நடையையும் பார்க்காமல் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்' என்று. அதை யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் படிக்கக்கூடிய திறந்த மருத்துவ இதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். ஏன் அதில் என்று கேட்டபோது, "அம்மா, மணப்பாறையில ஒரு டாக்டர் தனியா கேஷுவல்டி பாத்துட்டு இருப்பான்ல, அவன் ஃபோன்ல அது திறக்கணும்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

இப்படிக் கட்டுரை எழுத வீட்டாரின் சம்மதம் வேண்டும். இறந்தவனின் தங்கை சந்தியா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அண்ணன் பெயர் வராது, அச்சில் வந்ததும் உனக்கு அனுப்புகிறேன் என்று பவி வாக்குக் கொடுத்தாள். வந்ததும் அனுப்பினாள்.

அனுப்பியதுதான் வினை. பூட்டிய இதழாக இருந்திருந்தால் அந்த லிங்க் டாலரில் காசு கேட்டுவிட்டு நின்றிருக்கும். இது தாராவியில் அந்தப் பையனின் வீட்டில் திறந்துகொண்டது. ஒரு வாரத்தில் பையனின் அப்பா உறவுக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று பவித்ரா டாக்டரைக் கேட்டார். யாரும் கை ஓங்கவில்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்து வந்தாலே இப்போது ஆஸ்பத்திரிகள் கேட்டைச் சாத்துகின்றன. சாத்துவதற்குக் காரணமும் இருக்கிறது. அன்று மாலை துறைத் தலைவர் பவியைக் கூப்பிட்டு, கட்டுரையின் விவரங்களில் பிழை இருக்கிறது, அதனால் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். பிழை எதுவும் இல்லை. பவி மாட்டேன் என்றாள். நான் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

ரயிலில் எதிர் சீட்டில் சோலாப்பூர் போகும் துணி வியாபாரி. மகள் டாக்டர் என்றதும் தன் மணிக்கட்டை நீட்டி, நாடி பார்க்க எனக்கும் தெரிந்திருக்கும் என்பது போல, "கொஞ்சம் வேகமா அடிக்குதும்மா" என்றார். நான் வேதியியல் டீச்சர் என்றேன். "பரவாயில்லை, பாருங்க" என்றார். பார்த்தேன். என்னுடையதைவிட மெதுவாகத்தான் அடித்தது.

குர்லா டெர்மினஸில் இறங்கினால் ஆட்டோக்காரர்கள் ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள். பவி இருக்கும் திலக் நகர் பக்கத்திலேயே இருக்கிறதாம். ஒருவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னதன் அர்த்தம் ஏறக்குறைய இப்படி: "அத்தை, இந்த தூரத்துக்கு நான் வந்தால் என் ஆட்டோவே என்னைப் பார்த்துச் சிரிக்கும்." திருச்சியில் ஜங்ஷனிலிருந்து எதிர் லாட்ஜுக்குக்கூட அடித்துப் பேசி ஏற்றிக்கொள்வார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

பவி தோழி ஒருத்தியோடு இருக்கும் வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளும் காய்ந்த பாவ் ரொட்டியும் இருந்தன. அவள் டியூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றாமல் தரையில் படுத்தாள்.

"எதுக்கும்மா வந்த?"

"சும்மாதான். பாத்து நாளாச்சுன்னு."

"சும்மா வர்றவங்க பட்டுப்புடவை எடுத்துட்டு வருவாங்களா? பெட்டியில மேலயே இருக்கு. சாரைப் பாக்கப் போற."

நான் சாதம் வைத்தேன். அவள் தூங்கியே போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. துறைத் தலைவர் மாட்டுங்காவில் இருக்கிறார். பாலக்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். தமிழ் பேசுகிற வீடு, பேசினால் இரங்குவார் என்று நான் நம்பினேன். பழங்கள் வாங்கிக்கொண்டு குர்லாவில் ரயில் மாறினேன். ஏறியது விரைவு வண்டி. சயான் ஸ்டேஷனில் நிற்காமல் ஓடியது, மாட்டுங்கா பெயர்ப்பலகை என் முகத்துக்கு நேரே ஓடியது. "மாட்டுங்கா, மாட்டுங்கா" என்று நான் கத்த, பெண்கள் பெட்டியே சிரித்தது. கூடையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் மராத்தியில் ஏதோ சொன்னாள். பக்கத்துப் பெண் இந்தியில் மொழிபெயர்த்தாள். "ஓடற வண்டி கூப்பிட்டா நிக்குமா, தாதரில் இறங்கித் திரும்பி வான்னு சொல்றாங்க." தாதரில் என்னை இறக்கவில்லை, பிதுக்கினார்கள். சப்போட்டாப் பழங்கள் பையிலேயே கூழாகிவிட்டன. ஆப்பிள் மட்டும் தப்பித்தது.

பழைய கட்டிடம். கம்பிக் கதவு போட்ட லிஃப்ட். தலைவரே கதவைத் திறந்தார், அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். நல்ல காபி. அதை மறைக்கக் கூடாது.

"வாங்கோ, உக்காருங்கோ. டிரெய்ன்ல கஷ்டப்பட்டேளா? ஃபாஸ்ட்ல ஏறியிருப்பேள். எல்லாரும் பண்றதுதான்." சிரித்தார். "உங்க பொண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ் டாக்டர். ராட்சசி மாதிரி வேலை செய்வா. எனக்கு அவமேல ஒரு குறையும் இல்லை."

"சார், அந்தக் கட்டுரை..."

"அதான். பூட்டு இருக்கற ஜர்னல்ல போட்டிருந்தா இந்த லஃப்டா வம்பே கிடையாது. நாலு டாக்டர் படிப்பான், அவ்வளவுதான், முடிஞ்சுது. இவ ஊருக்கே திறந்து விட்டா. போறாததுக்குப் பேஷண்ட் வீட்டுக்கே லிங்க் அனுப்பினா. அரே, யாராவது அனுப்புவாளா? நாளைக்கு அவா வக்கீலோட வந்து நின்னா?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "உங்க பேர்தானே சார் அதுல முதல்ல இருக்கு?"

"அது டிபார்ட்மெண்ட் வழக்கம் மா. எங்க வார்டுலேர்ந்து எது போனாலும் என் பேர் போகும். மெயில் வந்துது, சம்மதமான்னு கேட்டான், ஆமான்னு அழுத்தினேன். வர்றதெல்லாம் படிச்சுண்டிருந்தா பேஷண்டை யார் பாக்கறது?" அவர் குரலில் கூச்சமே இல்லை. பிறகு என் டம்ளரை எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அவ தீசிஸ் என் மேஜைமேலதான் இருக்கு. சீக்கிரமா சைன் பண்ணிடணும்னுதான் நானும் பாக்கறேன்."

மிரட்டல் என்று சொல்ல முடியாது. அவ்வளவு மரியாதையாக இருந்தது. நானும் மரியாதையாகவே சொன்னேன்: "நான் பேசிக்கிறேன் சார். அவ எழுதிக் குடுத்துடுவா."

ஆப்பிளை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். பக்கத்திலேயே இலை போட்டுச் சாப்பாடு போடும் மெஸ். எதிரில் உட்கார்ந்திருந்த, பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் என்னிடம், "ரசம் கேட்டு வாங்குங்கோ, தானா வராது. இந்த ஊர்ல எதுவுமே தானா வராது" என்றார். கேட்டு வாங்கினேன். சாம்பாரில் லேசான இனிப்பு. ஆனாலும் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டேன். ஒரு பெரிய பாரம் இறங்கியது போல அப்படி ஒரு பசி. இப்போது நினைத்தால் அந்தப் பசிதான் கூசுகிறது.

மாலையில் பவியிடம், சாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதையும் தீசிஸ் அவர் மேஜைமேல் இருப்பதையும் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"நடந்ததை நடக்கலைன்னு எழுதச் சொல்ற."

"நடக்கலைன்னு இல்லடி. ஏதோ பிழைன்னு. யார் பாக்கப் போறா?"

"எல்லாரும் பாப்பாங்கம்மா. அதுக்குத்தானே அதுல போட்டேன்." எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "சரி, எழுதறேன். ஆனா சந்தியாவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். வந்ததைச் சொன்னவ, எடுக்கறதையும் சொல்லணும்ல? அவங்க வீட்டு ஆளுங்க யாரையும் பாக்கக்கூடாதுன்னு எனக்கு ஆர்டர். நீ போய்ச் சொல்லிட்டு வா."

அதனால்தான் மறுநாள் நான் தாராவிக்குப் போனேன். இந்தத் தடவை எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியா என்று ஏறுவதற்கு முன் மூன்று பேரிடம் கேட்டேன். சயானில் இறங்கி, தொண்ணூறடி சாலையில் நடந்தால் கடைப் பலகைகளில் தமிழ். முறுக்குக் கடை, பாத்திரக் கடை, கல்யாண போஸ்டர். ஒரு நிமிடம் திருச்சி கடைத்தெருவில் நிற்பது போல இருந்தது. அடுத்த நிமிடம் ஒரு கைவண்டிக்காரன் இடித்து, ஒதுங்கச் சொல்லி "பாஜூ, பாஜூ" என்று கத்தியதும் அது போய்விட்டது.

போனில் சொல்லியிருந்தபடி சந்தியா ஒரு டீக்கடை முன்னால் காத்திருந்தாள். கல்லூரிப் பெண். என்னை ஆன்ட்டி என்றாள். சந்துகள் போகப் போகக் குறுகின. ஒரு தையல் கார்கானாவைத் தாண்டும்போது, "இங்கதான் அண்ணன் பேக் தச்சுட்டு இருந்தான்" என்று நடையை நிறுத்தாமல் சொன்னாள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

வீடு மாடியில். இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் கயிறு. புடவையோடு ஏறத் தடுமாறினேன். மேலிருந்து ஒரு கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியது. அவர்தான் பையனின் அப்பா, பரமசிவன். யாரைப் பார்த்துப் பயந்து ஆஸ்பத்திரி கேட்டைச் சாத்தினார்களோ, அவர்.

"பாத்து வாங்கம்மா. புது ஆளு எல்லாரும் இந்தப் படியிலதான் தலைய இடிப்பாவ."

அடுப்புப் பக்கம் அவர் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. கடிதத்தைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று நான் வாயைத் திறக்கும் முன்பே பரமசிவன் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மடியில் வைத்தார். கட்டுரை. எங்கேயோ பிரிண்ட் எடுத்து ஓரங்களில் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

"நீங்க டீச்சர்னு பிள்ள சொல்லிச்சி. இதத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லணும். நாங்க அன்னைக்கி சண்டைக்கா வந்தோம்? டாக்டரம்மாட்ட இதத்தான் கேக்க வந்தோம். கேட்டப் பூட்டிட்டானுவ."

"ஃபோன்ல தமிழுக்கு மாத்திப் பாத்தோம் ஆன்ட்டி" என்றாள் சந்தியா. "ஒழுங்கா வரல. எனக்கும் தமிழ் அவ்வளவா வாசிக்க வராது. அண்ணன் காலாவதி ஆயிட்டான்னு வந்துச்சு."

"மாத்திரைதான காலாவதி ஆவும்?" என்றார் பரமசிவன். கேலியாகச் சொல்லப் பார்த்தார். முடியவில்லை.

வாசிக்க ஆரம்பித்தேன். தலைப்பு, எழுதியவர்கள் பெயர். "இது யாரு மொதல்ல?" என்றார். துறைத் தலைவர் என்றேன். "இவரு அன்னைக்கி அங்க இல்லய." இல்லை என்றேன். "எம்மவன் பேரு எங்க?" பெயர் போடக் கூடாது, அது விதி என்றேன். "இசக்கிராஜான்னு போட்டா என்ன கொறஞ்சிரும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மேலே வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கட்டுரையைப் படித்தே பார்க்காத மனிதர் பெயர் முதலில் இருக்கிறது. செத்தவன் பெயர் எங்குமே இல்லை. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

'இருபத்து நாலு வயது ஆண். நெஞ்சில் வலி. நோயாளி யார் உதவியும் இன்றித் தானாக நடந்து வந்தார்.'

அடுப்புப் பக்கமிருந்து குரல் வந்தது. "இன்னொருக்கா வாசிங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மாள் திரும்பி உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை வாசித்தேன்.

"கேட்டியா?" என்றார் பரமசிவன் மனைவியிடம். பிறகு என்னிடம்: "ஆஸ்பத்திரியில தந்த தாள்ல, மயங்குன நெலையில கொண்டுவரப்பட்டார்னு போட்டுருக்கு. தெருவுல என்ன பேசுதாங்க தெரியுமா? பெத்தவன் வேடிக்க பாத்துட்டு கடைசீலதான் தூக்கிட்டுப் போனான்னு பேசுதாங்க. அன்னைக்கி நெஞ்சு எரியுதுன்னான். சோடாவக் குடிச்சிட்டு வேலைக்குப் போலேன்னு சொன்னேன். நாஞ் சொன்னேன், இல்லங்கல. அதுக்கு இவ எங்கிட்ட பேச்ச நிறுத்துனா, இந்தா இன்னைக்கி வர. ஆனா அவனக் கொண்டுட்டுப் போகலம்மா. யாரும் கொண்டுட்டுப் போகல. அவனாத்தான் போயிருக்கான், உசுரோட, அவங்காலுல. அத எழுதி வச்சது இந்த ஒரு தாளுதான்."

மேலே வாசித்தேன். பச்சைப் பட்டை வந்தது. 'இந்த வகைப்படுத்தல் கட்டுரையாளர்களில் ஒருவருடைய தவறு.' வாசித்தேன், விடவில்லை.

"அது உங்க மவதான்னு தெரியும். அந்தம்மாவே அன்னைக்கி சொல்லிச்சி. கோவம் இல்லன்னு நெனச்சிராதிய. இருக்கு. சாவுற வர இருக்கும்" என்றார் பரமசிவன். "ஆனா எழுதுனால்லா? மத்தவன் எவன் எழுதுனான்?"

அவர் மனைவி எழுந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றை அவர் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பரமசிவன் அந்த டம்ளரை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சயான் வரை கூட வந்த சந்தியா, "நெட்ல போட்டது அப்படியே இருக்கும்ல ஆன்ட்டி? எடுத்துட மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். வண்டி வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.

தீசிஸ் போனால் போகட்டும், ஒரு வருடம் போனாலும் போகட்டும், எழுதாதே என்று பவியிடம் சொல்ல வேண்டும். குர்லா வரை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நேரில் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவள் அந்தச் சந்தர்ப்பத்தைத் தரவில்லை.

"அனுப்பிட்டேம்மா" என்றாள் கதவைத் திறந்ததும். "சார் மத்தியானம் கூப்பிட்டார். உங்கம்மா ஒத்துண்டுட்டா, நீ ஏன் இழுத்தடிக்கறன்னார். நீ அங்க போயிட்டன்னு தெரியும், அவங்ககிட்ட நீ சொல்லியிருப்பன்னு நினைச்சேன். சொன்னியா?"

"சொல்லல."

அவள் என்னைத் திட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள். நான் அவளுக்குக் கட்டி வைத்திருந்த தயிர்சாதம் மேஜையிலேயே இருந்தது. அதை நான் சாப்பிட்டேன்.

திருச்சிக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. தலைவர் தீசிஸில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பவி போனில் சாப்பிட்டேன், தூங்கினேன் என்கிறாள். அவள் குரலைவைத்து எதையும் கண்டுபிடிக்க இப்போது என்னால் முடிவதில்லை.

இப்படிப்பட்ட இதழ்களில் கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் அழிக்கமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. திறந்தே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் குறுக்காகச் சிவப்பில், திரும்பப் பெறப்பட்டது என்று பொருள்படும் ஆங்கில வார்த்தை ஒன்றை அச்சிட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். இனி உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் அதையும் பார்க்கலாம். போன வாரம் சந்தியா அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். 'ஆன்ட்டி, மேல செவப்பா என்னமோ இருக்கு. அப்பா என்னன்னு கேக்குறாங்க.'

எழுத்தில் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. கூப்பிட்டேன். பரமசிவன்தான் எடுத்தார்.

"அந்தச் செவப்புக்கு என்னம்மா அர்த்தம்?"

"இதுல இருக்கிறது சரியில்லைன்னு எழுதினவங்களே சொல்லிட்டாங்கன்னு அர்த்தம்."

பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது.

"டாக்டரம்மாவா சொல்லிச்சி?"

"நான் சொல்ல வச்சேன். உங்க வீட்டுக்கு வந்தது இதைச் சொல்லத்தான். வாசிச்ச பிறகு சொல்ல வாய் வரல."

திட்டுவார் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். தூரத்தில், அடுப்புப் பக்கமாக இருக்க வேண்டும், அந்த அம்மாளின் குரல் கேட்டது.

"செவப்புக்குக் கீழ அந்த வரி தெரியுதான்னு கேளுங்க."

"தெரியுது" என்றேன்.

"அப்ப வாசிக்கச் சொல்லுங்க."

வாசித்தேன்.